உங்கள் உடம்பில் எத்தனை மூப்படைந்த செல்கள்? ஒரு கேள்வியின் 110 வருட வரலாறு

1.
போன வாரம் ஓபியில் ஒரு பெரியவர். 68 வயது, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பத்து வருடமாகச் சுகர், இரண்டு முட்டியிலும் வலி. ஓபி சீட்டை நீட்டுவதற்கு முன்னாடியே மஞ்சப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மகன் ஆன்லைன்ல வாங்கிக் குடுத்தான் டாக்டர். உடம்புல சாகாம கெடக்குற ஜாம்பி செல்லை எல்லாம் இது கொன்னுடுமாம். ரெண்டு மாசமா சாப்பிடுறேன்."

சரிங்க ஐயா, சுகர் மாத்திரை?

"அதை நிறுத்திட்டேன். இதுதான் வேருலயே வேலை செய்யுதே."

அன்றைக்கு அவருடைய சுகர் 300-ஐத் தாண்டியிருந்தது.

2.
சத்தம் போடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவரே கேட்டார்: "எனக்கு எத்தனை ஜாம்பி செல் இருந்துச்சு, இப்ப எத்தனை கொறைஞ்சிருக்குன்னு ஒரு டெஸ்ட் எழுதிக் குடுங்களேன்?"

நியாயமான கேள்வி. சுகருக்கு டெஸ்ட் இருக்கு. கொழுப்புக்கு இருக்கு. கிட்னிக்கு இருக்கு. இதற்கு இல்லை. எங்க ஆஸ்பத்திரியில் மட்டும் இல்லை என்று நினைக்காதீர்கள். உலகத்தில் எங்கேயுமே வழக்கமான மருத்துவத்தில் அப்படி ஒரு டெஸ்ட் இன்றுவரை கிடையாது.

ஏன் இல்லை என்பதை ஓபியில் சொல்ல நேரம் கிடையாது. வெளியே 80 பேர் நிற்கிறார்கள். அதனால் இங்கே சொல்கிறேன். நீளமான இழை. ஒரு டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

3.
கதை 1912 ஜனவரி 17 அன்று தொடங்குகிறது. இடம், நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவனம். ஆள், அலெக்ஸிஸ் காரெல் என்ற பிரெஞ்சு அறுவை நிபுணர். ரத்தக்குழாய்களைத் தைத்து இணைக்கும் முறைக்காக அதே வருடம் நோபல் பரிசு வாங்கியவர். சாதாரண ஆள் இல்லை.

கோழிக்குஞ்சுக் கருவின் இதயத்திலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கத் தொடங்கினார். செல்கள் பெருகின. பெருகப் பெருகப் பிரித்து வேறு குடுவைக்கு மாற்றினார்கள். மறுபடி பெருகின. காரெல் 1944-ல் இறந்தார். செல்கள் அதற்குப் பிறகும் வளர்ந்தன. 1946-ல்தான் அந்த வளர்ப்பை முடித்தார்கள். மொத்தம் 34 வருடம்! ஒரு கோழி வாழும் காலத்தை விட எத்தனையோ மடங்கு.

4.
உலகம் இதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தது? செல்லுக்குச் சாவே இல்லை. முதுமை என்பது உடம்புக்குத்தான், செல்லுக்கு இல்லை. சரியாகத் தீனி போட்டால் செல் என்றென்றும் பெருகிக்கொண்டே இருக்கும்.

பத்திரிகைகள் கொண்டாடின. பாடப்புத்தகத்தில் ஏறியது. வேறு ஆய்வகங்களில் செல்கள் கொஞ்ச காலத்தில் வளராமல் நின்றுபோனபோது அந்த ஆய்வாளர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? "நம்ம கை சரியில்லை. நாம ஊற்றுற சத்துநீர் சரியில்லை." காரெலைச் சந்தேகிக்க யாருக்கும் மனசு வரவில்லை.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கள் கண்ணால் பார்த்ததை விட ஒரு பெரிய மனிதர் சொன்னதை நம்பினார்கள். அதுவும் ஏறக்குறைய 50 வருடம்.

5.
1958. ஃபிலடெல்ஃபியாவில் விஸ்டார் நிறுவனம். லெனார்ட் ஹேஃப்லிக் என்ற இளம் ஆய்வாளர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். முதுமையை ஆராய வந்தவர் இல்லை. வைரஸ்களால் புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க அவருக்கு நோயில்லாத சுத்தமான மனித செல்கள் தேவைப்பட்டன. அதற்காகத்தான் வளர்த்தார்.

செல்கள் நன்றாக வளர்ந்தன, இரட்டித்தன. சுமார் 50 முறை இரட்டித்த பிறகு நின்றுவிட்டன. சாகவில்லை. பெருகுவதை மட்டும் நிறுத்திக்கொண்டன.

"கை சரியில்லை" என்று அவரும் விட்டிருக்கலாம். ஒரு விஷயம் உறுத்தியது. ஒரே சத்துநீர், ஒரே அறை, ஒரே கை. அதில் முன்னாடி தொடங்கிய குடுவை நிற்கிறது, பின்னாடி தொடங்கிய குடுவை செழிப்பாக வளர்கிறது. சத்துநீரில் கோளாறு என்றால் இரண்டும் அல்லவா நிற்க வேண்டும்?

6.
கூட வேலை பார்த்த குரோமோசோம் நிபுணர் பால் மூர்ஹெட்டுடன் சேர்ந்து ஓர் எளிமையான சோதனை செய்தார். பலமுறை இரட்டித்து வயதாகிப்போன ஆண் செல்களையும், சில முறையே இரட்டித்த இளம் பெண் செல்களையும் சரிபாதியாகக் கலந்து ஒரே குடுவையில் போட்டார்கள். ஆணா பெண்ணா என்று குரோமோசோமைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தனியாக வைத்திருந்த ஆண் செல்கள் வளர்வதை நிறுத்திய சமயத்தில் கலவைக் குடுவையைப் பார்த்தார்கள். அதில் பெண் செல்கள் மட்டும்தான் இருந்தன. ஒரே குடுவை, ஒரே தீனி. வயதான கூட்டம் நின்றுவிட்டது, இளைய கூட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. கடிகாரம் குடுவைக்கு வெளியே இல்லை. செல்லுக்குள்ளேயே இருக்கிறது.

7.
இதற்கு அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

உடனே கட்டுரை எழுதி அனுப்பவில்லை. தன் செல்களைத் துறையின் பெரிய ஆட்களுக்கே அனுப்பி வைத்தார், அவர்களே வளர்த்துப் பார்க்கட்டும் என்று. "இவை இன்ன காலத்தில் வளர்வதை நிறுத்தும்" என்று முன்கூட்டியே சொல்லியும் விட்டார். சொன்ன காலம் வந்தது. அவர்கள் கையிலும் செல்கள் நின்றுபோயின. தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் வெளியிடுவது என்று முடிவு செய்தார்கள்.

அப்போதும் ஒரு முன்னணி இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1961-ல் வேறோர் இதழில் வெளிவந்தது. இன்று அந்த எல்லைக்கு "ஹேஃப்லிக் எல்லை" என்று பெயர். இப்படி நின்றுபோன நிலைக்கு செனசென்ஸ், அதாவது செல்லின் மூப்பு என்று பெயர்.

8.
அப்போ காரெலின் 34 வருடச் செல்கள்? அவற்றுக்குத் தீனியாகக் கோழிக்கருச் சாற்றை அடிக்கடி ஊற்றினார்கள். அந்தச் சாற்றோடு புதிய உயிருள்ள செல்களும் குடுவைக்குள் போய்க்கொண்டிருந்திருக்கலாம் என்பது பின்னால் வந்தவர்கள் தரும் விளக்கம். யாராலும் அந்தச் சோதனையை அப்படியே திரும்பச் செய்து காட்ட முடியவில்லை.

காரெல் கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் சொன்னதை இன்னொரு கை சரிபார்க்கவில்லை. ஹேஃப்லிக் தன்னை நம்பாதவர்களின் கையிலேயே செல்லைக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கடைசி வரை இந்த இழை இதைப் பற்றித்தான்.

9.
ஒரு சின்ன கிளைக்கதை, நம் வீட்டுப் பிள்ளைகளைத் தொடுவது.

ஹேஃப்லிக் 1962-ல் உருவாக்கி உறையவைத்த செல் வரிசைக்குப் பெயர் டபிள்யூஐ-38. அதை உலகம் முழுக்க ஆய்வகங்களுக்கு அனுப்பினார். அதே விஸ்டாரில் ஸ்டான்லி பிளாட்கின், ரூபெல்லா வைரஸை அந்தச் செல்லில் வளர்த்துப் பலவீனமாக்கி ஆர்ஏ 27/3 என்ற தடுப்பூசி வகையை உருவாக்கினார். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 9 மாதக் குழந்தைக்குப் போடுகிறோமே எம்.ஆர். ஊசி, அதில் ரூபெல்லாவுக்கு இருப்பது அந்த ஆர்ஏ 27/3 வகைதான்.

அந்தச் செல்கள் யாருக்குச் சொந்தம் என்று பின்னாளில் ஹேஃப்லிக்குக்கும் அமெரிக்க அரசின் என்.ஐ.எச். அமைப்புக்கும் பெரிய வழக்கே நடந்து, 1981-ல் சமரசமானது. பகிர்ந்துகொள்வதற்கும் ஒரு முறைமை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

10.
சரி, செல் ஏன் நிற்கிறது?

முதல் காரணம், குரோமோசோமின் நுனியில் உள்ள டெலோமியர். ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் அது கொஞ்சம் தேயும். இப்படித்தான் இருக்கும் என்று 1971-ல் ரஷ்யாவின் அலெக்ஸி ஒலோவ்னிகோவ் கணித்தார். அந்த நுனியை ஆராய்ந்த எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூவருக்கும் 2009-ல் நோபல் கிடைத்தது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். 1997-ல், புற்றுநோயைத் தூண்டும் ராஸ் என்ற மரபணுவை நல்ல செல்லுக்குள் நுழைத்தபோது, அந்தச் செல் கட்டுப்பாடின்றிப் பெருகுவதற்குப் பதிலாக நிரந்தரமாகப் பிரேக் போட்டு நின்றுவிட்டது. அதாவது மூப்பு என்பது வெறும் தேய்மானம் இல்லை. புற்றுநோயாக மாறாமல் இருக்க செல் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் பூட்டு.

11.
நம்ப முடியவில்லையா? உங்கள் உடம்பில் மச்சம் இருக்கும், பாருங்கள். பெரும்பாலான மச்சங்களில் பிராஃப் என்ற மரபணு மாற்றம் இருக்கிறது. தோல் புற்றுநோயான மெலனோமாவில் அடிக்கடி காணப்படும் அதே மாற்றம். ஆனாலும் அந்த மச்சம் நாற்பது வருடமாக மிளகு சைஸிலேயே இருக்கிறது. ஏன்? வளர ஆரம்பித்த செல்கள் ஒரு கட்டத்தில் பூட்டுப் போட்டு நின்றுவிட்டன. 2005-ல் இதைத் திசுவிலேயே காட்டினார்கள்.

இப்போ அந்த டப்பாவின் விளம்பரத்தை மறுபடி படியுங்கள். "ஜாம்பி செல்களைக் கொல்லுங்கள்." எல்லாவற்றையுமா?

12.
இவை கெட்டதும் செய்யும். அதையும் மறைக்கக் கூடாது.

அமெரிக்காவில் ஜூடித் காம்பிசி என்ற ஆய்வாளர். இந்தத் துறையின் தாய் என்றே சொல்லலாம். 2024 ஜனவரியில் காலமானார். அவருடைய குழு 2008-ல் காட்டியது இது: மூப்படைந்த செல் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. ஐஎல்-6, ஐஎல்-8 போன்ற அழற்சிப் பொருட்களையும், அக்கம்பக்கத்துத் திசுவை அரிக்கும் நொதிகளையும் கசியவிடுகிறது. தெருவில் ஒரு வீட்டில் குப்பை எரித்தால் தெருவே இருமுவது மாதிரி.

செல் கொஞ்சம்தான், ஆனால் சேதம் சுற்றுவட்டாரம் முழுக்க. வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம், நுரையீரல் தழும்பு, ரத்தக்குழாய்ப் பிரச்சினை எல்லாவற்றிலும் இவற்றுக்குப் பங்கு இருக்கலாம் என்ற சந்தேகம் இங்கிருந்துதான் வலுத்தது.

13.
2011-ல் வெடி வெடித்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டேரன் பேக்கர், யான் வான் டியூர்சன் குழு, சீக்கிரமே மூப்படையும்படி மரபணு மாற்றிய எலிகளை எடுத்துக்கொண்டது. பி16 என்ற மரபணு விழித்திருக்கும் செல்களை மட்டும் ஒரு மருந்து கொடுத்து அழிக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். அழித்தார்கள். கண்புரை தள்ளிப்போனது, தசை இளைப்பது தள்ளிப்போனது.

2015-ல் அதே மேயோவின் ஜேம்ஸ் கிர்க்லாண்ட் குழுவும் கூட்டாளிகளும், மரபணு மாற்றம் இல்லாமலே இந்தச் செல்களைக் கொல்லும் இரண்டு பொருட்களை அறிவித்தார்கள். ஒன்று டாசடினிப், ரத்தப் புற்றுநோய் மருந்து. இன்னொன்று குவர்செடின், வெங்காயத்திலும் ஆப்பிளிலும் இருக்கும் பொருள். பெரியவரின் டப்பாவில் எழுதியிருந்தது இந்த இரண்டாவது.

14.
விளம்பரம் சொல்லாத ஒரு விவரம் அந்த 2015 ஆய்விலேயே இருக்கிறது. டாசடினிப் கொழுப்புத் திசுவின் மூப்படைந்த முன்னோடிச் செல்களை நன்றாகக் கொன்றது. குவர்செடின் ரத்தக்குழாயின் உள்படலச் செல்களில்தான் நன்றாக வேலை செய்தது. ஒன்று கொன்றதை இன்னொன்று அந்த அளவுக்குக் கொல்லவில்லை. அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அதாவது "மூப்படைந்த செல்" என்பது ஒரே ஜாதி இல்லை. கொழுப்பில் ஒரு மாதிரி, ரத்தக்குழாயில் ஒரு மாதிரி. கிட்னியில், முட்டியில்?

15.
இனி பெரியவரின் கேள்விக்கு வருவோம். எப்படி எண்ணுவது?

1995-ல் காம்பிசியின் ஆய்வகத்தில் கோபர்தன் டிம்ரியும் மற்றவர்களும் ஒரு நீலச் சாயத்தை அறிமுகப்படுத்தினார்கள். மூப்படைந்த செல்லில் பீட்டா கேலக்டோசிடேஸ் என்ற நொதி அதிகமாக இருக்கும். பிஹெச் 6 என்ற அளவில் வைத்துச் சாயம் ஊற்றினால் அந்தச் செல் நீலமாகும். பல வயதுக்காரர்களின் தோலில் போட்டுப் பார்த்தார்கள். வயது கூடக்கூட நீலமும் கூடியது.

துறையே இந்தச் சாயத்தின்மேல்தான் பல வருடம் நின்றது. ஆனால் இரண்டு சிக்கல்.

16.
முதல் சிக்கல்: மூப்படையாத செல்லும் சில நேரம் நீலமாகும். குடுவையில் நெருக்கியடித்து வளர்ந்தாலே ஆகலாம். உடம்பின் துப்புரவுத் தொழிலாளிகளான மேக்ரோஃபேஜ் செல்களும் நீலமாகலாம்.

இரண்டாவது, பேத்தாலஜி தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். நொதி வேலை செய்தால்தான் நீலம் வரும். நாம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து எடுத்த துண்டை உடனே ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து வைக்கிறோம். அதில் இந்த நொதி பிழைக்காது. உலகம் முழுக்க ஆஸ்பத்திரி அலமாரிகளில் தூங்கும் மெழுகுக் கட்டிகளில் இந்தச் சாயம் உதவாது.

சரி, பி16-ஐப் பார்க்கலாமா? அதுவும் சில மேக்ரோஃபேஜ்களில் இருக்கிறது. மூப்படைந்தும் பி16 அதிகம் காட்டாத செல்களும் உண்டு.

17.
விளைவு என்ன? ஓர் ஆய்வகம் நீலச் சாயத்தை வைத்து எண்ணியது. இன்னொன்று பி16. இன்னொன்று பி21. இன்னொன்று ஐஎல்-6. ஒருவர் உறைந்த திசு, ஒருவர் மெழுகுக் கட்டி. ஒருவர் நுரையீரலின் மேல் மடல், ஒருவர் கீழ் மடல்.

நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஐந்து பேரை அனுப்பி ஊரில் முதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்கிறீர்கள். ஒருவர் நரைமுடியை எண்ணுகிறார். ஒருவர் மூக்குக் கண்ணாடியை. ஒருவர் ஊன்றுகோலை. ஒருவர் பென்ஷன் புத்தகத்தை. ஐந்தாமவர் "பார்த்தாலே தெரியுது" என்று எழுதி வருகிறார். அந்த ஐந்து கணக்கையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் வருவது என்ன கணக்கு?

18.
இதற்கு நடுவே மனிதர்களில் சோதனைகள் தொடங்கிவிட்டன. 2019-ல் நுரையீரல் தழும்பு நோயாளிகள் 14 பேருக்கு அந்த இரண்டு மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். நடக்கும் தூரம் கூடியது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரைக் குழு கிடையாது. அதைச் செய்தவர்களே முதல் படி என்றுதான் சொன்னார்கள்.

2020-ல் ஓர் அமெரிக்க நிறுவனம், மூப்படைந்த செல்லைக் கொல்லும் வேறொரு மருந்தை முட்டித் தேய்மானத்துக்கு ஊசியாகப் போட்டது. 12 வாரம் கழித்துப் பார்த்தால், மருந்து போட்டவர்களுக்கும் போலி ஊசி போட்டவர்களுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை.

பெரியவரின் அதே முட்டி. "மருந்து முட்டிக்குள் போய் எத்தனை செல்லைக் கொன்றது?" என்று எளிதாக எண்ணிச் சொல்லும் வழி இருந்தால், தோற்றது மருந்தா, அடிப்படை எண்ணமா என்றாவது தெரிந்திருக்கும்.

19.
கொன்றால் கெடுதலும் வரலாம். 2014-ல், எலியின் தோலில் காயம் பட்டதும் அங்கே மூப்படைந்த செல்கள் தோன்றிக் காயம் ஆற உதவுவதையும், அவற்றை அழித்தால் ஆறத் தாமதமாவதையும் காட்டினார்கள். 2013-லேயே, வளரும் கருவில் உறுப்புகள் உருவாகும்போது இந்த மூப்பு இயல்பாகவே நடக்கிறது என்று தெரிந்திருந்தது. 2020-ல், எலியின் கல்லீரலில் பி16 அதிகமுள்ள ரத்தக்குழாய்ச் செல்களை நீக்கியபோது நன்மை வரவில்லை, தழும்பு வந்தது.

ஆக எங்கே இருக்கிறது, எந்தச் செல், எந்த வயதில், என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று தெரியாமல் கொல்ல முடியாது. வரைபடம் வேண்டும்.

20.
இந்த இடத்தில்தான் 2021. அமெரிக்காவின் என்.ஐ.எச். தன் பொது நிதியிலிருந்து 5 ஆண்டுகளுக்குச் சுமார் 12.5 கோடி டாலர் ஒதுக்கி ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பெயர் சென்நெட். குறிக்கோள், மனித ஆயுள் முழுவதிலும் 18 திசுக்களில் மூப்படைந்த செல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைவது.

ஒரே ஆய்வகத்தால் ஆகாத வேலை. அதனால் பிரித்துக் கொடுத்தார்கள். கலிஃபோர்னியாவின் பக் நிறுவனத்துக்குச் சினைப்பை, மார்பகம், தசை. ஜாக்சன் ஆய்வகமும் கனெக்டிகட் பல்கலைக்கழகமும் சேர்ந்து கிட்னி, கொழுப்பு, கணையம், நஞ்சுக்கொடி. பிட்ஸ்பர்க், ஒஹாயோ, ரோச்செஸ்டர் சேர்ந்து நுரையீரலும் இதயமும். எலித் திசுவுக்கும் தனி மையங்கள். புதிய கருவிகளை உருவாக்கத் தனிக் குழுக்கள்.

இவர்கள் எல்லாருக்கும் நடுவில் ஒரு மையம். அதற்கு ஆய்வு வேலை இல்லை. ஒருங்கிணைப்பதும் தரவைக் காப்பதும் மட்டும்தான் வேலை.

21.
"ஒருங்கிணைப்பா? அது கிளார்க் வேலையாச்சே" என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. உள்ளே போய்ப் பார்த்தால் முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

துண்டை எடுத்த எத்தனை நிமிடத்தில் உறையவைத்தீர்கள்? கொடுத்தவருக்கு வயது என்ன, சுகர் உண்டா, புகைப்பாரா? எந்தச் சாயம், எந்த அளவு? கோப்புக்கு எப்படிப் பெயர் வைத்தீர்கள்? எல்லாரும் ஒரே மாதிரி எழுதாவிட்டால் 18 திசுவும் 18 தீவாகத்தான் இருக்கும்.

முக்கியமாக, துண்டு உறுப்பின் எந்த இடத்திலிருந்து வந்தது? இதற்கு ஒரு அழகான ஏற்பாடு. இந்தியானா பல்கலைக்கழகத்தின் கேட்டி போர்னர் குழு, மனித உடம்பை வரையும் இன்னொரு கூட்டுத் திட்டத்துக்காக உருவாக்கிய பொதுவான முப்பரிமாண உறுப்பு மாதிரிகள் இருந்தன. ஆய்வாளர் கணினித் திரையில் அந்தக் கிட்னி மாதிரியின்மேல் தன் துண்டை வைத்து "இங்கிருந்து வெட்டினேன்" என்று பதிவு செய்வார். நிலத்துக்குச் சர்வே எண் மாதிரி. சர்வே எண் இல்லாமல் "ஆலமரத்துக்குக் கிழக்கே" என்று பத்திரம் எழுதினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

நீளம், அகலம், ஆழம், அதோடு காலம். அதனால் இதை நாற்பரிமாண வரைபடம் என்கிறார்கள்.

22.
2022-ல் இந்தக் கூட்டமைப்பு தன் திட்டத்தை விரிவாக வெளியிட்டது. 2024-ல் அதன் அடையாளக் குறிகளுக்கான குழு ஒரு பரிந்துரை கொடுத்தது. எலியிலும் மனிதனிலும் 14 திசுக்களுக்கு அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, எந்தத் திசுவில் எந்தக் குறிகளைப் பார்க்கலாம் என்று பட்டியலிட்டது. சாரம் இவ்வளவுதான்: ஒரே ஒரு குறியை நம்பாதீர்கள். பலவற்றைச் சேர்த்துப் பாருங்கள். திசுவுக்குத் திசு பட்டியல் மாறும்.

படிக்கும்போது "இவ்வளவுதானா?" என்று இருக்கும். ஆனால் ஹேஃப்லிக் 1961-ல் சொன்னதற்கும் இந்தப் பட்டியலுக்கும் நடுவே 63 வருடம். அந்த வருடம், 2024 ஆகஸ்டில்தான், ஹேஃப்லிக் தன் 96-வது வயதில் காலமானார்.

23.
எல்லாச் செல்லுக்கும் பொருந்தும் ஒரே அடையாளம் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் சேர்ந்த தரவுகளைப் பொதுத் தளத்தில் வைக்கிறார்கள். யாரும் எடுத்துச் சரிபார்க்கலாம். தவறு இருந்தால் காட்டலாம். காரெலின் குடுவைக்கு அந்த வாய்ப்பு இருந்திருந்தால் ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் "நம்ம கை சரியில்லை" என்று தங்களையே நொந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

ஹேஃப்லிக் தன் செல்லை நாலு பேருக்கு அனுப்பி "நீங்களும் பாருங்க" என்றார். இன்று அதையே பல மையங்கள், ஒரே படிவத்தில், ஒரே சர்வே எண்ணில் செய்கின்றன.

24.
இனி நடைமுறைக்கு.

குவர்செடின் டப்பா உங்கள் மூப்படைந்த செல்லைக் குறைக்கிறது என்று விற்கிறவருக்கும் தெரியாது. எண்ண வழக்கமான டெஸ்ட் இல்லாதபோது எதை வைத்துச் சொல்கிறார்? வெங்காயத்தில் இருப்பதால் பயமில்லை என்பதும் வாதம் இல்லை. குழம்பில் இருக்கும் அளவு வேறு, மாத்திரையில் இருக்கும் அளவு வேறு. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் உங்கள் டாக்டரிடம் காட்டாமல் எடுக்காதீர்கள்.

டாசடினிப் புற்றுநோய் மருந்து. ரத்த அணுக்கள் குறையலாம், நுரையீரலைச் சுற்றி நீர் கோர்க்கலாம். இளமைக்காக யாராவது வாங்கித் தருகிறேன் என்றால் ஓடிவந்துவிடுங்கள். முறைப்படி பதிவு செய்த ஆய்வில் சேர்வது வேறு விஷயம்.

25.
பெரியவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சொன்னது இதுதான்.

"ஐயா, அதை எண்ணுறதுக்கு இன்னும் டெஸ்ட் வரல. பெரிய பெரிய ஆளுங்க பல பேரு ஒண்ணு சேந்து இப்பதான் எப்படி எண்ணுறதுன்னே முடிவு பண்ணிட்டு இருக்காங்க. அவங்களுக்கே தெரியாததை டப்பாக்காரன் எப்படிச் சொல்றான்? ஆனா சுகருக்கு டெஸ்ட் இருக்கு. உங்க சுகர் இப்ப எவ்வளவுன்னு நீங்களே பாத்தீங்க."

கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்டக்டரா இருந்தவன் டாக்டர் நான். டிக்கெட்டை எண்ணாம கணக்கு ஒப்படைக்க முடியாது" என்றார். டப்பாவைத் திரும்பப் பையில் போட்டார். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்தக வரிசைக்குப் போனார்.

நேற்று மறுபடி வந்தார். சுகர் இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்க வேண்டும். முட்டிக்குத் தொடைத் தசைப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறோம். போகும்போது வாசலில் நின்று, "அந்த டெஸ்ட் வந்தா சொல்லுங்க" என்றார். சொல்றேன்னு சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இந்த மாதிரி டப்பா இருந்தால், சுகர், பிரஷர் மாத்திரைகள் ஒழுங்காக ஓடுகிறதா என்று இன்றைக்கு ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அப்பா அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.